கடாரமும் அங்கோரும் போக நினைக்கும் டெல்டாக்காரர்களுக்கு: கேள்வி பதில்

நான் கும்பகோணத்துக்காரன். பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கம்போடியாவின் அங்கோர், இன்று மலேசியாவின் கெடாவாக இருக்கும் கடாரம் என்று தென்கிழக்காசியப் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன். நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில். விசா விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: சார், சம்பா அறுவடை முடிந்த பிறகுதான் கிளம்ப முடியும். கம்போடியாவுக்கு அப்போது போகலாமா? எப்படிப் போவது?

தை கடைசியிலோ மாசி முதலிலோ கிளம்பினால் நல்லது. பங்குனிக்குத் தள்ளினால் அங்கேயும் வெயில் மண்டையைப் பிளக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது.

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாளும் அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் பிரித்துப் போகலாம். அதையே எடுங்கள். ஒரே மூச்சில் நாலு நாடு காட்டுகிறேன் என்று வரும் பேக்கேஜ் பக்கமே போகாதீர்கள், பஸ் ஜன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, அங்கோர் வாட்டைக் கட்டியது சோழர்கள்தானே? வாட்ஸப்பில் வந்தது.

இல்லை தம்பி. கட்டியவர் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர் இரண்டாம் சூர்யவர்மன், காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மேற்கு பார்த்த விஷ்ணு கோயில். நம் பெரிய கோயில் 1010லேயே முடிந்துவிட்டது, அதனால் ‘அதைப் பார்த்துக் கட்டினார்கள்’ என்றும் ஒரு கதை விடுகிறார்கள். கல்லே வேறு. அது மணற்கல், நம்முடையது கருங்கல். உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் உன் ஊரிலேயே இருக்கிறது: காம்போச (கம்போடிய) மன்னர் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பிய செய்தியைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. வாட்ஸப்பைவிட அது சுவாரசியம்.

குடவாசலிலிருந்து: கோயில் கோயிலாகப் பார்த்தால் அலுத்துவிடாதா? நாங்கள் விவசாயிகள், எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று காத்திருந்தேன். உங்களுக்குத்தான் அங்கே அதிகம் இருக்கிறது.

மேற்கு பாராய் என்று ஓர் ஏரி. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், கோடு போட்டது மாதிரி செவ்வகம். 11ஆம் நூற்றாண்டு வேலை. இதைத் தோண்டவில்லை என்பதுதான் விஷயம். தரைக்கு மேலே நாலு பக்கமும் கரை எழுப்பி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். அதனால் நீர்மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்கும், மதகைத் திறந்தால் தானாகப் பாயும். மாடு கட்டி இறைக்கும் கவலையும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். இன்றைக்கும் அதிலிருந்து பாசனம் நடக்கிறது. வீராணத்தின் கரையில் நின்றவர்களுக்கு அந்தக் கரையில் நின்றதும் புரிந்துவிடும், வழிகாட்டி தேவையில்லை. நான் சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தெற்குக் கரையோரம் போனேன். மதகுப் பக்கம் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஆடிப்பெருக்குக் கூட்டம் தோற்றது. ஏரி நடுவில் மேற்கு மேபோன் என்ற கோயில் இருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாளின் பெரிய வெண்கலச் சிலையின் உடைந்த பாகம் 1936ல் அங்கேதான் கிடைத்தது.

அப்புறம் கபால் ஸ்பியன். ஆற்றுப் படுகைப் பாறையில் வரிசை வரிசையாக லிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள், தண்ணீர் அவற்றின் மேல் ஓடிக் கீழே போகிறது. மேட்டில் கொஞ்சம் நடக்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றிவிடும், மழைக்காலம் முடிந்த கையோடு போனால்தான் அழகு.

மயிலாடுதுறையிலிருந்து: தம்பி, எனக்கு முட்டி வலி. அங்கோர் வாட்டில் ஏற முடியுமா?

மேல் அடுக்குக்குப் படி ரொம்பச் செங்குத்து. இப்போது மரப்படி வைத்திருக்கிறார்கள் என்றாலும் உங்களுக்கு வேண்டாம்மா. கீழ்ச்சுற்று மண்டபமே போதும். கிழக்குப் பக்கத்தின் தென்பகுதியில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்குப் போகிறது. ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் திருமால். அவர் காலடியில், ஆமைக்குப் பக்கத்தில், மீன்களை உற்றுப் பாருங்கள். மத்து சுழலும் வேகத்தில் பாதி பாதியாக அறுபட்டுக் கிடக்கும். ஓரமாகப் போகப் போக மீன்கள் முழுசாகிவிடும். சூரிய உதயக் கூட்டம் மேற்குக் குளத்தருகே நிற்கும்போது நீங்கள் இங்கே வந்துவிடுங்கள், காலை வெளிச்சமும் இந்தப் பக்கம்தான் விழும்.

நாகப்பட்டினத்திலிருந்து: கப்பலில் இலங்கை போய்ப் பொலன்னறுவை பார்க்கலாமா?

தாராளமாக. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023ல் கப்பல் தொடங்கினார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். மழைக்காலத்தில் நிறுத்திவிடுவதால் ஐப்பசி, கார்த்திகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகச் சாலைப் பயணம்.

பொலன்னறுவையில் மற்றவர்கள் புத்தர் சிலைகளுக்கு ஓடுவார்கள். நீங்கள் வானவன்மாதேவி ஈஸ்வரத்துக்குப் போங்கள். ராஜேந்திரனின் தாயார் பெயரில் சோழர் எழுப்பிய சின்னக் கல் கோயில், சுவரில் தமிழ் எழுத்து. பாஸ்போர்ட்டைக் காட்டினால் நம்மைப் போன்ற சார்க் நாட்டவருக்குக் கட்டணம் பாதி.

திருவாரூரிலிருந்து: கடாரத்தில் இப்போது என்ன இருக்கிறது?

பெரிய கோபுரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு, பக்கத்து ஊர் சுங்கை பட்டாணி. கோலாலம்பூரிலிருந்து ரயிலிலேயே இறங்கலாம். ஜெராய் மலையடிவாரத்தில் ஓடைக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை மீட்டெடுத்து வைத்திருக்கிறார்கள். மேற்கட்டு மரமாக இருந்திருக்கும், போய்விட்டது. 2013ல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் மேட்டை நிலவேலைக்காக இடித்தே தள்ளிவிட்டார்கள். இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ராஜேந்திர சோழனின் 1025 கடாரப் படையெடுப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம்.

கும்பகோணத்திலிருந்து: சைவச் சாப்பாடு?

மலேசியாவில் கவலையே இல்லை. கம்போடியாவில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள். புளிக்காய்ச்சல் பெரிய பெட்டிக்குள் போகட்டும், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

திருவிடைமருதூரிலிருந்து: பணம் எப்படிக் கொண்டுபோவது?

கம்போடியாவில் டாலர் செல்லும், சில்லறை அந்த நாட்டுப் பணமான ரியெலில் வரும். மாற்றும் இடத்திலேயே ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பேனா மை பட்டிருந்தாலும் அங்கே டீக்கடையில்கூட வாங்க மாட்டார்கள்.