எடிட்டரில் ஏஐ உதவியாளரை இணைப்பது: கேள்வி பதில்

கேள்வி: விஎஸ் கோட் எடிட்டரில் கிட்ஹப் கோபைலட் (கோட் எழுத உதவும் ஏஐ) போட்டேன். தட்டும்போது வர வேண்டிய சாம்பல் நிறப் பரிந்துரை ஒன்றுகூட வரவில்லை.

பதில்: பெரும்பாலும் லாகின்தான் பிரச்சினை. கீழே இடது ஓரத்தில் உள்ள அக்கவுண்ட்ஸ் ஐகானைக் கிளிக் செய்து, எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். சந்தா ஆபீஸ் கணக்கில், லாகின் சொந்தக் கணக்கில் என்று இருந்தால் பரிந்துரை வராமல் போகலாம். ஆபீஸ் நெட்வொர்க்கில் ப்ராக்ஸி (இணையத்துக்கு நடுவே நிற்கும் சர்வர்) இருந்தால் அதன் முகவரியை செட்டிங்ஸில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி மாணவன். காசு கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. 2024 டிசம்பரில் கோபைலட்டுக்கு இலவசத் திட்டம் வந்தது. தொடங்கியபோது மாதத்துக்கு 2,000 பரிந்துரைகள், 50 சாட் செய்திகள். லேப் பயிற்சி செய்யும்போது மட்டும் தானாக வரும் பரிந்துரையை அணைத்து வை. லூப் எழுதக் கை பழகுவதற்குள் அது எழுதி முடித்துவிடும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் கோட் ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது. வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஒல்லாமா என்ற மென்பொருளை நிறுவி ஏஐ மாடலை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். விஎஸ் கோடில் கன்டினியூ என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு அதோடு இணையுங்கள். சாட்டுக்கு குவென் 2.5 கோடர் 7பி மாடல் போதும் ('பி' முன் வரும் எண் மாடலின் அளவைக் காட்டும்). டவுன்லோடு ஏறக்குறைய 4.7 ஜிபி, 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. தட்டத் தட்ட வரும் பரிந்துரைக்கு அதே குடும்பத்தின் 1.5பி மாடலை வையுங்கள். அங்கே புத்திசாலித்தனத்தைவிட வேகம் முக்கியம். இரண்டு விநாடி தாமதமாக வரும் பரிந்துரையை யாரும் பார்ப்பதில்லை. அந்த 1.5பி-யில் இன்ஸ்ட்ரக்ட் வகை (கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கியது) வேண்டாம், பேஸ் வகையை (அப்படிப் பழக்காத மூல மாடல்) எடுங்கள். கர்சருக்கு முன்னும் பின்னும் உள்ள கோடைப் பார்த்து நடுவில் நிரப்ப அதுதான் சரி.

சும்மா இருந்தால் ஐந்து நிமிஷத்தில் ஒல்லாமா மாடலை மெமரியிலிருந்து இறக்கிவிடும். டீ குடித்துவிட்டு வந்து கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் மெதுவாக வருவது அதனால்தான். கீப் அலைவ் நேரத்தை, அதாவது மாடல் மெமரியில் தங்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும். இன்னொன்று: ஒல்லாமா இயல்பாக 11434 போர்ட்டில், உங்கள் கணினிக்கு மட்டும்தான் பதில் சொல்லும். பக்கத்து சீட்டுக்காரருக்கும் வேண்டுமென்று அதை நெட்வொர்க் முழுக்கத் திறந்து விடாதீர்கள். அதற்கு பாஸ்வேர்ட் கிடையாது. நிறுவும் முன் செக்யூரிட்டி டீமிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கோபைலட்தான் பயன்படுத்துகிறேன். ஏபிஐ கீ (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) உள்ள ஃபைலைத் திறந்தால் அதுவும் வெளியே போகுமா?

பதில்: போகலாம். திறந்திருக்கும் மற்ற டேப்களிலிருந்தும் அது சூழலை எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைல் வகைக்குப் பரிந்துரையை அணைத்தாலும், அதைப் பூட்டாக நம்ப வேண்டாம். குறிப்பிட்ட ஃபைல்களை விலக்கி வைக்கும் வசதி பிசினஸ், என்டர்பிரைஸ் திட்டங்களில் உண்டு. மற்றவர்கள் கீ ஃபைலை வேறு சாதாரண எடிட்டரில் திறப்பது நல்லது.

கேள்வி: விம் எடிட்டர் பயன்படுத்தும் ஆளுக்கு?

பதில்: கிட்ஹப்பின் அதிகாரபூர்வ ப்ளகினே இருக்கிறது. கணினியில் நோட் ஜேஎஸ் மென்பொருள் வேண்டும். 'கோபைலட் செட்டப்' கட்டளை கொடுத்து, திரையில் வரும் குறியீட்டை பிரவுசரில் தட்டினால் முடிந்தது.

கேள்வி: டேப் அடித்தால் தேவையில்லாததும் சேர்ந்து வருகிறதே?

பதில்: விஎஸ் கோட் என்றால் கண்ட்ரோலும் வலது அம்புக்குறியும் அழுத்துங்கள், மேக்கில் கமாண்ட். ஒவ்வொரு சொல்லாக ஏற்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தி எஸ்கேப் அடியுங்கள்.