எட்டு நிமிடச் சந்திப்பு

கேள்வி: பெருநகரத்தில் வசிக்கிறேன். அலுவலகம் போய் வர மட்டும் தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது. புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி இரவு தெருவோரத்தில் படுத்திருப்பவர்களுக்கு உணவு, சனிக்கிழமை மருத்துவமனைச் சந்திப்பு, ஞாயிறு பள்ளி வகுப்பு என்று நான்கு பொறுப்புகள். போன சனிக்கிழமை வார்டில் ஒரு பெரியவர், "எட்டு நிமிஷம்தாம்மா இருந்தே" என்றார். என் ஏழு வயது மகளும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறாள். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. எதையாவது விட்டால் ஆண்டவர் கொடுத்த பாரத்தை உதறியதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தப் பெரியவருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. என் மனம் அதைத் தாண்டிப் போக மறுத்துவிட்டது. மனிதர் நிமிடத்தை எண்ணியிருக்கிறார். வாரம் முழுக்க ஒருவருக்காகக் காத்துக் கிடந்தவர்தான் அப்படி எண்ணுவார்.

பெரிய நகரங்களில் ஒரு நாள் வந்து கொடுத்துவிட்டுப் போக ஆட்கள் கிடைத்துவிடுவார்கள். "போன வாரம் சொன்னீங்களே, மகன் பேசினானா?" என்று கேட்க அதே ஆள் திரும்பி வருவது அரிது. அதனால் என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள். புதனையும் வெள்ளியையும் வேறு கைகளில் கொடுங்கள். ஞாயிறு பள்ளியை இந்த ஆண்டு முடியும்வரை நடத்துங்கள்; பிள்ளைகளை நடுவில் விட வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். காலை முதல் சாயங்காலம் வரை மோசே தனி ஆளாக உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, இது நல்லதல்ல என்கிறார். நீ மட்டும் களைத்துப்போவாய் என்று அவர் சொல்லவில்லை. உன்னோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிறார். இத்தனை நாள் நான் மோசேயின் களைப்பை மட்டுமே பார்த்திருந்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் வரிசையில் நின்ற ஜனங்கள் கண்ணில் பட்டார்கள். அந்தப் பெரியவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். உங்கள் மகளும்தான்.

அப்போஸ்தலர் 6-இல் ஆதிச் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் அந்த வேலையையும் தங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறை யாருக்கோ, அவர்களுக்கு நெருக்கமானவர்கள் கையில் பொறுப்பு போயிருக்கிறது. உங்கள் வெள்ளிக்கிழமைக்கும் அப்படி ஒருவர் சபையில் இருப்பார். நீங்களே எல்லாவற்றையும் செய்துகொண்டிருப்பதால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

திடீரென்று நின்றுவிடாதீர்கள். போதகரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். புதியவரை நான்கு வெள்ளிக்கிழமை உங்களோடு அழைத்துப் போங்கள். யாருக்குச் சர்க்கரை நோய், யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கண் திறப்பார், யார் கூட்டமாகப் போனால் பயப்படுவார் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கையளிப்பதும் ஊழியமே.

இனி சனிக்கிழமை. வார்டு முழுவதையும் சுற்றி வர வேண்டாம். மூன்று பேர் போதும். யாரைப் பார்க்கலாம் என்று முதலில் செவிலியரிடம் கேளுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்; நின்றுகொண்டே பேசினால் கிளம்பப் போகிறீர்கள் என்றுதான் நோயாளிக்குத் தோன்றும். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் பேச்சைத் தொடருங்கள். படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதால் அவருடைய 'வேண்டாம்' இன்னும் கனமானது. மருந்தை நிறுத்தச் சொல்வது, விசுவாசம் போதவில்லை என்பது இரண்டும் உங்கள் வாயில் ஒருநாளும் வரக்கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

பயண நேரத்திலும் ஏதாவது ஊழியம் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். இடம் கிடைத்தால் கண்ணை மூடித் தூங்குங்கள். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்த தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் கணக்குக் கேட்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான்.

கணவரின் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை என்றுதான் கடிதம் சொல்கிறது. அவரிடமே கேளுங்கள். மகள் தூங்கிய பிறகு கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உங்கள் பக்க நியாயத்தைத் தொடங்காதீர்கள். காலியாகும் வெள்ளி இரவை என்ன செய்வது என்பதை மட்டும் மகளே முடிவு செய்யட்டும். வேறு குழுவில் ஆள் இல்லை என்று அழைப்பு வரும், நிச்சயம் வரும். இந்த ஆண்டு முழுவதும் 'முடியாது' என்றே சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அந்தப் பெரியவரிடம் முதலில் போங்கள். கடைசியில் வைத்தால் மறுபடியும் எட்டு நிமிடம்தான் மிஞ்சும்.