ஐந்து ரோட்டில் சாமி இருக்கிறாரா?

வணக்கம் ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை செய்கிறேன். வயது 36. அப்பாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரா வாரம் தவணை கட்ட வேண்டும். தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேன். ஐந்து நிமிஷம்கூட மனசு நிற்பதில்லை. நேற்றுக் கொடுத்த சரக்கில் எடை எவ்வளவு குறைந்தது, கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்றே ஓடுகிறது. சாமி கும்பிடுகிறேனா, கணக்குப் போடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சித்திரையில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அந்தக் காற்றில் நின்றபோது, கடவுள் இங்கேதான் இருக்கிறார் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. கீழே இறங்கி ஐந்து ரோடு மேம்பாலத்துக்கு அடியில் வண்டியோடு மாட்டிக்கொண்டபோது அது போயே போய்விட்டது. இந்தச் சத்தத்தில் கடவுள் எங்கே இருக்கிறார் ஐயா? மலைமேல் மூன்று நாள் தியான வகுப்பு இருக்கிறது என்று நண்பர் கூப்பிடுகிறார். போகலாமா?

(பெயர் வேண்டாம்)
செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

மலைமேல் உங்களுக்குத் தோன்றியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒரு பங்கு, அன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லை என்பது. கேஸ் அனலும் புகையும் இல்லாத ஒரு நாள், பிள்ளைகள் பக்கத்தில், கையில் தராசு இல்லை. யாருக்குமே கண் கலங்கும்.

அதே மலையில் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அதுதான் பட்டறை. இன்றைக்கு எத்தனை கிலோ தேறும் என்பதுதான் அவர் மனசிலும் ஓடும். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நீங்கள் விட்டு ஓடப் பார்க்கிற இதே சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் அவர் வந்தாக வேண்டும். மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கிற நேரத்தில் அவர் சேர்வராயனைக் கூப்பிடாமலா இருப்பார்? 1,600 மீட்டர் உயரத்தில் குகைக்குள் இருக்கிற சாமி அந்த வரிசைக்கு வரமாட்டார் என்றால், அவரை நம்பி மலையில் குடியிருப்பதில் என்ன இருக்கிறது?

திருமணிமுத்தாறும் அந்தச் சேர்வராயன் மலையிலிருந்துதான் வருகிறது. ஊருக்குள் வந்ததும் சாக்கடையாகி, கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமாகப் போகிறது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம். நாற்றம் தாங்கவில்லை என்று அம்மன் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மாரியம்மனை நம் ஊர் அமைதிக்காகக் கும்பிட்டதாக எனக்குத் தெரியவில்லை. வெயில், கொப்புளம், காய்ச்சல், வேப்பிலை. வீட்டுக்குள் வந்த நோய்க்கே அம்மை என்று பேர் வைத்து, 'வந்திருக்கிறாள்' என்று பயத்தோடு மரியாதை செய்தவர்கள் நம் பாட்டிமார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980இல் அறிவித்தார்கள். தடுப்பூசி செய்த வேலை அது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆடியில் கோட்டையில் கூட்டம் குறைந்ததா? நோய் போனபிறகும் கேட்பதற்கு நமக்கு எவ்வளவோ இருக்கிறது. உருளுதண்டம் போடுகிறவர், மாவிளக்கு எடுக்கிறவர் யாரும் மனசை வெறுமையாக்கிக்கொண்டு வருவதில்லை. பையனுக்கு வேலை, பெண்ணுக்கு வரன், தறிக்குப் பாவு, ஆஸ்பத்திரி பில் என்று கணக்கோடுதான் வருகிறார்கள். மைக் அலறுகிறது, கூழ் ஊற்றுகிறார்கள், எவனோ காலை மிதிக்கிறான். நம் சேலத்தில் குகை என்கிற பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். சிவனும் பார்வதியும் முருகனும் வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் தெருத்தெருவாக வருகிறார்கள். மறுநாள் பவுடரைக் கழுவிவிட்டு அவரவர் வேலைக்குப் போகிறார்கள். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த காட்சி அது. கொஞ்சம் கிண்டலாகப் பார்க்கிற நண்பர்களும் எனக்கு உண்டு, இருக்கட்டும்.

உங்கள் எடைக் கணக்குக்கு வருகிறேன். அறுபத்து மூன்று நாயன்மார்களில் திருக்குறிப்புத் தொண்டர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காஞ்சிபுரத்தில் துணி வெளுத்தவர். குளிர்காலத்தில் ஒரு கிழவர் அழுக்குக் கந்தையோடு வருகிறார். 'எனக்கு இருப்பது இது ஒன்றுதான், பொழுது சாய்வதற்குள் தர வேண்டும்' என்கிறார். இவரும் சரி என்று வாங்கித் துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவே இல்லை. பொழுது இறங்குகிறது. சொன்ன சொல் போய்விட்டதே, ஒரு கிழவரைக் குளிரில் நடுங்க விட்டேனே என்று துவைக்கிற கல்லிலேயே தலையை மோதப் போகிறார். அப்போதுதான் கல்லிலிருந்து ஒரு கை வந்து தடுக்கிறது.

அந்த நிமிஷத்தில் அவர் தியானத்தில் இருக்கவில்லை. மோட்சம் கேட்கவும் இல்லை. ஈரத்துணி காயவில்லை என்று தவித்தார், அவ்வளவுதான். குறித்த நேரத்தில் சரக்குக் கொடுக்க முடியாத ஒரு தொழிலாளியின் தவிப்பு. உங்களுக்கு அது தெரியாததா?

இந்தக் கதையில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. காலையில் கந்தையோடு வந்து கெடு வைத்தவரும் சிவன், மழையைப் பெய்ய வைத்தவரும் சிவன். அப்படியானால் கஷ்டம் எல்லாம் அவர் வைக்கிற சோதனை என்று ஆகிவிடுகிறது. கடன்காரனாக நிற்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தவணை கேட்டு வாசலில் நிற்கிறவரைச் சிவன் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், அவர் ரசீது கொடுக்கிறாரா என்று பாருங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று வீட்டுக்காரம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கதையில் நான் எடுத்துக்கொள்வது அந்தத் தவிப்பை மட்டும்தான். சாமி படத்துக்கு முன்னால் எடைக் கணக்கு ஓடினால் ஓடட்டும். அதை விரட்டிவிட்டு வேறு ஏதோ சுத்தமான மனசைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? பிறர் வெள்ளியை எடை போட்டு வாங்கி, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிற தொழில் உங்களுடையது. ராவின பொடியைக்கூடக் கூட்டி எடுத்து வைக்க வேண்டும். யாரும் பார்க்காதபோதும் அந்தப் பொடியை முழுசாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், யாருக்குக் கணக்குச் சொல்வதாக நினைத்து அதைச் செய்கிறீர்கள்? காலையில் அவரிடமே நேராகச் சொல்லிவிடுங்கள்: 'நேற்று இத்தனை கிராம் குறைந்துவிட்டது, கூலியில் பிடிப்பார்கள், பயமாக இருக்கிறது.' மந்திரம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சொன்னதும் மனசில் ஏதாவது தோன்ற வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நாள் ஒன்றுமே தோன்றாது. எனக்கும் அப்படித்தான்.

தியான வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போனால் நல்லதுதான், உடம்புக்காவது ஓய்வு கிடைக்கும். ஆனால் மூன்று நாள் கூலி போகும், கட்டணமும் இருக்கும். அதற்கும் வட்டிக்கு வாங்க வேண்டும் என்றால் இந்த வருஷம் வேண்டாம். பிள்ளைகளை இன்னொரு தடவை ஏற்காடு கூட்டிப் போக ஆசை இருந்தால் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வாரநாளில் பஸ்ஸில் போய்வாருங்கள், வளைவுகளில் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்காது.

அன்புடன்.