கோழிக்கோடு பழைய துறைமுகம் என்கிறார்களே, அங்கே துறைமுகம் எங்கே?

கூடலூர், நாடுகாணி, நிலம்பூர் வழியாக இறங்கிப் போகும் நீலகிரிக்காரர்கள் கோழிக்கோடு கடற்கரையில் நின்று கேட்கிற கேள்வி இது. நானும் கேட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிவது மணலும் அலையும்தான்.

அங்கே இருந்தது திறந்த துறை. கப்பல் கரையைத் தொடாது. தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சிறு படகுகள் ஏற்றி இறக்கும். நம் ஊரில் பஸ் மெயின்ரோட்டோடு நின்றுவிட, எஸ்டேட் லயன் வீடுகளுக்கு அரிசி மூட்டை ஜீப்பில் போகிறதே, அது மாதிரி.

சரி, ஒதுங்க இடமில்லாத இந்தக் கரைக்கு எதற்காக வந்தார்கள்? பின்னால் இருக்கும் மலைக்காகத்தான். மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவின் மிளகும் ஏலமும் இஞ்சியும் இங்கே வந்து குவிந்தன. ஆண்ட சாமூதிரிகளும் அரபு, சீன வணிகர்களை வரவேற்றார்கள். தென்மேற்குப் பருவமழையில் துறை முடங்கிவிடும். ஆனால் மிளகை வளர்த்ததும் அதே மழைதான்!

நிஜமான துறைமுகம் பார்க்க வேண்டுமானால் தெற்கே பேப்பூர் போங்கள். சாலியாறு கடலில் சேரும் இடம் அது. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாற்றுத் தண்ணீரும் அதில் கலந்துதான் வருகிறது. 'உரு' என்ற பெரிய மரக்கப்பல்கள் கட்டுவதில் பேர்போன ஊர். அதற்கு நிலம்பூர்த் தேக்கு போயிருக்கிறது.

அப்புறம், 1498-இல் வாஸ்கோ ட காமா வந்த பிறகுதான் இங்கே வெளிநாட்டு வணிகம் தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1340-களில் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா வந்தபோதே 13 சீனக் கப்பல்கள் இந்தத் துறையில் நின்றதாக எழுதியிருக்கிறார்.