ரெண்டாம் வகுப்புப் பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தையே பார்க்கவில்லை

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளைத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த வாரம், 2021 அக்டோபர் கடைசி வாரம், இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அதனால் இந்த விஷயத்தில் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் திறந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

டீச்சர், என் மகன் ஐந்தாவது, மகள் ரெண்டாவது. வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. போன மே மாதம் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் போய்விட்டார்கள். 1ஆம் தேதி பள்ளி, 4ஆம் தேதி தீபாவளி. தீபாவளி கழியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். அனுப்பவா, வேண்டாமா?
– வாசகி, பண்ருட்டி

அனுப்புங்கள் அம்மா. நாலு சாவைப் பார்த்த தெருவில் இருந்துகொண்டு நீங்கள் பயப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதை எல்லோரும்தான் பார்த்தோம். அந்த நேரத்தில் பள்ளியை மூடி வைத்தது சரி. இப்போது ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம். அன்றைக்குப் பட்ட பயத்தை வைத்து இன்றைக்கு முடிவு எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

உங்கள் மகள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவள் பால்வாடியிலோ யூகேஜியிலோ இருந்திருப்பாள். அந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்று பதிவேட்டில் பெயர் ஏறியது, இந்த ஜூனில் ரெண்டாம் வகுப்பு. ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராமலே ஒன்றரை வகுப்பு போய்விட்டது. எங்கள் பக்கத்து வீட்டில் இதே வயதில் ஒரு பையன் இருக்கிறான். போன வாரம் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், பாட்டை ராகத்தோடு கடகடவென்று சொன்னான், எனக்கே சந்தோஷமாக இருந்தது. விரலை வைத்துக் காட்டிப் படி என்றேன். வாய் நாலாவது வரியில் இருக்கிறது, விரல் இன்னும் ரெண்டாவது வரியில். படத்தைப் பார்த்துத்தான் பாட்டைச் சொல்லியிருக்கிறான். அவனுடைய அம்மா அதுவரை பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவள் காலையில் ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்த வாரமே மெகா முகாமுக்குக் கூட்டிப் போங்கள். முதல் ஊசி கோவிஷீல்டு என்றால் 84 நாள் ஆனதும் ரெண்டாவதைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைகள் வந்ததும் கை கால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு பாட்டியிடம் போகட்டும். யாருக்காவது சளி, சூடு என்றால் அன்றைக்குப் பள்ளியும் வேண்டாம், பாட்டி பக்கத்தில் படுக்கையும் வேண்டாம். உங்கள் வீட்டில் பாட்டிக்குத்தான் ஆபத்து அதிகம், அதனால் பாதுகாப்பை அவரிடமிருந்து தொடங்குங்கள். பிள்ளைக்கே இதய நோய், புற்றுநோய்ச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

தீபாவளிக்கு முன்னால் மூன்று நாள்தானே என்கிறார் வீட்டுக்காரர். அந்த மூன்று நாளும் ரெண்டாம் வகுப்புக்கு ரொம்ப முக்கியம். அழுகிற பிள்ளை அழுது முடிக்கவும், கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளவும், டீச்சர் முகம் பழகவும் அவ்வளவு நாளாவது வேண்டும். தொற்றுக்குப் பயம் என்றால் பண்டிகைக்கு முந்தின நாட்களில் ஜவுளிக்கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஜன்னல் திறந்த வகுப்பறையைவிட அந்தக் கூட்டத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

மூன்றாம் அலை வரும் என்கிறார்கள். என் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு நன்றாகவே போகிறது. ஜனவரி வரை பொறுத்தால் என்ன கெட்டுப் போய்விடும்?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் வீட்டில் கெட்டுப் போகாது சார். லேப்டாப் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது. வருகை கட்டாயம் இல்லை என்று அரசே சொல்லிவிட்டது, நீங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோருக்கும் சேர்த்து மூடி வைக்கச் சொல்லாதீர்கள். பொருளாதார நிபுணர் ழான் த்ரேஸ் போன்றவர்கள் சேர்ந்து இந்த ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில், தமிழ்நாடு உள்பட, வசதி குறைந்த வீடுகளாகப் பார்த்துச் சுமார் 1,400 பிள்ளைகளிடம் போய் விசாரித்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படிப்பது 8 சதவீதம்தான். படிப்பே இல்லாமல் இருப்பது 37 சதவீதம். எங்கள் ஊரில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வீட்டில் ஒரே போன், அது அப்பா சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை ராத்திரி எட்டரைக்கு, அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, அண்ணன் பார்த்து முடித்த பிறகு, தங்கை பார்க்க வேண்டும். அதற்குள் அவள் தூங்கிப் போயிருப்பாள்.

பொறுத்துப் பார்ப்பதும் புதிதில்லை. போன வருஷம் அக்டோபர் 1 என்றார்கள், நிறுத்தினார்கள். நவம்பர் 16 என்றார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள், மறுபடி நிறுத்தினார்கள். இந்த ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் திறந்து, பிப்ரவரியில் ஒன்பதையும் பதினொன்றையும் சேர்த்து, மார்ச்சில் ஒன்பது முதல் பதினொன்று வரை மறுபடி மூடினார்கள். இவ்வளவு கதையிலும் எட்டாம் வகுப்பு வரைக்கும் இருக்கிற பிள்ளை வரவே இல்லை. சினிமா தியேட்டர் இந்த ஆகஸ்ட் 23 அன்றே திறந்தாகிவிட்டது. மூன்றாம் அலை வந்தால் மூடுவோம், அந்தந்த ஊர் நிலவரம் பார்த்து மூடுவோம். வருமோ என்று நினைத்தே இன்னொரு வருஷத்தை மூட வேண்டாம்.

மற்ற நாடுகளில் எந்த வகுப்பை முதலில் திறந்தார்கள்?
– வாசகர், மதுரை

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் 15 அன்றே திறந்தார்கள், அதுவும் மழலையர் பள்ளியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் முதலில். பெரிய பிள்ளை புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கொஞ்சமாவது படிக்கும், சின்னப் பிள்ளையால் முடியாது, அதை வீட்டில் விட்டுவிட்டு அம்மா அப்பா வேலைக்குப் போகவும் முடியாது. ஸ்வீடனில் சின்ன வகுப்புகளை நாடு முழுக்க மூடவே இல்லை. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தலைவர் பல்ராம் பார்கவாவும், திறப்பதென்றால் தொடக்கப் பள்ளியை முதலில் திறக்கலாம் என்று 2021 ஜூலையில் சொன்னார். அப்போது வந்த நாலாவது தேசிய ரத்தப் பரிசோதனை ஆய்வில் 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்குக் கொரோனா எதிர்ப்புப் பொருள் இருந்தது. வீட்டிலேயே பூட்டி வைத்திருந்தும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிருமி வந்து போய்விட்டது, பெரும்பாலான அம்மாக்களுக்கு அது தெரியக்கூட இல்லை.

நம் ஊரில் தலைகீழாகத் திறந்ததற்குக் காரணம் பொதுத்தேர்வு. பெரிய பிள்ளைகள் முகக்கவசத்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள், அதில் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து தேர்ச்சி போட்டுவிட முடிந்தது, ரெண்டு வருஷம் தொடர்ந்து போட்டார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அப்படி எந்த அரசாணையும் போட முடியாது.

என் பையன் எட்டாவது. லாக்டவுனில் லேத் பட்டறைக்குப் போக ஆரம்பித்தான், ஒரு நாளைக்கு 300 ரூபாய் கொண்டுவருகிறான். இப்போது பள்ளிக்குப் போ என்றால் மாட்டேன் என்கிறான். அவன் சம்பளத்தில்தான் வட்டி கட்டுகிறோம்.
– ஒரு அம்மா, ஈரோடு

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது என்றால் பதின்மூன்று வயது இருக்கும். 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம், அது பட்டறைக்காரருக்கும் தெரியும். நீங்கள் போய் 1ஆம் தேதியிலிருந்து வர மாட்டான் என்று சொன்னால் அவரால் எதிர்த்து எதுவும் கேட்க முடியாது. மறுத்தால் 1098க்குப் போன் செய்யுங்கள்.

அதைவிடக் கஷ்டமானது பையன் மனசு. சம்பாதித்து அம்மா கையில் காசு கொடுத்த பிள்ளையைத் திரும்ப பெஞ்சில் உட்கார வைப்பது எளிதில்லை. அதனால் முதலில் நீங்கள் மட்டும் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பெயர் பதிவேட்டில்தான் இருக்கும். இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே திரும்பிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவனிடம் கடன் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள். வட்டி கட்டுவது எங்கள் பொறுப்பு, உன்னுடையது இல்லை என்று அப்பா வாயால் அவன் கேட்க வேண்டும். மகளிர் குழுவில் இருந்தால் குறைந்த வட்டிக்கு வாங்கி அந்தக் கடனை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். மதியம் பள்ளியில் சோறும் முட்டையும் கிடைக்கும், கட்டணம் கிடையாது. 300 ரூபாய்க்கு அது ஈடு இல்லை என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

நான் அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வரப்போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. பாடத்தை முடிப்பதா, எழுத்தைச் சொல்லிக் கொடுப்பதா?
– ஆசிரியை, தருமபுரி

எழுத்துதான் டீச்சர், யோசிக்கவே வேண்டாம். பாடத்தைக் குறைத்திருக்கிறார்கள், விட்டுப்போன பாடத்தை நினைவூட்டுகிற புத்தாக்கப் பயிற்சிக் கட்டகமும் இருக்கிறது. மேலிருந்து யாராவது கேட்டால் அதைக் காட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் புத்தகத்தை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பின் கடைசி மாதத்தோடு நின்றவர்கள், அதனால் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, பாட்டு இல்லாத, படம் இல்லாத ரெண்டு வரியைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள், யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எழுத்தே தெரியாதவர்கள், எழுத்து தெரிந்து கூட்டத் தெரியாதவர்கள், வார்த்தை படிப்பவர்கள் என்று மூன்றாகப் பிரித்து உட்கார வையுங்கள், குழுவுக்குப் பூப் பெயர் எதையாவது வைத்துவிடுங்கள், மக்குப் பையன் குழு என்று பிள்ளைகள் வாயில் வந்துவிடக் கூடாது. அ, ஆ என்று வரிசையாகப் போவதைவிட ட, ப, ம என்று தொடங்குவது எனக்கு எப்போதும் கை கொடுத்தது. ட, ப ரெண்டும் நேர்க்கோடு, கை பழகாத பிள்ளைக்கும் வரும். புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டால் மூன்றாவது நாளே படம், பட்டம், மடம் என்று தானாகப் படிக்கும். தானாக ஒரு வார்த்தையைப் படித்த பிள்ளை முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதற்கு அப்புறம் அது உங்களை விடாது.

கையும் மறந்திருக்கும். பென்சிலை முஷ்டியில் பிடிக்கிற பிள்ளைகள் வருவார்கள். சிலேட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்து அதன் மேல் புளியங்கொட்டை அடுக்கச் சொல்லுங்கள், விரல் சீக்கிரம் பழகும். இன்னொன்று, இது மழைக்காலம், சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்திவிடாதீர்கள். திறப்பதற்கு முன்னால் ஒரு தரம் போய்ப் புதர், ஓட்டுக் கூரை, கழிப்பறைக் குழாய் மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள், இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த கட்டிடம்.

நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இல்லம் தேடிக் கல்வியில் சேரலாமா? எனக்குச் சொல்லிக் கொடுக்க வருமா என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டிவனம்

தாராளமாகச் சேரலாம் மகளே. விட்டுப்போன படிப்பைத் தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற அரசுத் திட்டம் அது. அக்டோபர் 27ஆம் தேதி உங்கள் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் முதல்வர் ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். பன்னிரண்டாவது முடித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எடுக்கலாம், அதற்கு மேலே பட்டம் வேண்டும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், இருபது பிள்ளைகள் வரைக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் தருவார்கள். பள்ளி திறந்தாலும் இது வேண்டும், ஒன்றரை வருஷப் பாக்கியை ஒரு டீச்சரால் பகல் நேரத்தில் மட்டும் அடைக்க முடியாது.

பயப்படாதே. கதை சொல்லத் தெரிந்தால் போதும், மற்றது பயிற்சியில் சொல்லிக் கொடுப்பார்கள். இடம் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடு: கோயில் திண்ணை, மரத்தடி, யார் வீட்டு வாசலாவது, காற்று வருகிற இடமாக இருக்கட்டும். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் ஒரு பல்பு வெளிச்சம் எட்டுகிற இடமாகவும் இருக்கட்டும். வராத பிள்ளை வீட்டுக்கு மறுநாளே போய் ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு வா.