ஸிக்ஸாக் (வளைந்து வளைந்து செல்லும்) விளிம்புடைய கிராபீன் பட்டையின் சராசரிப் புலக் கணக்கில் மொத்தக் காந்தத் திருப்புத்திறன் சுழியாக வருவது ஏன்?

ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றவற்றின் சராசரி விளைவை மட்டும் உணர்வதாகக் கொள்ளும் இக்கணக்கில் சுழி வருவது பிழையன்று; அதை மட்டும் வைத்து விளிம்புக் காந்தம் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. ஒரு விளிம்பின் அணுக்கள் ஓர் உட்கூட்டணியையும் (கிராபீனின் தேன்கூட்டு அமைப்பில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமையும் இரு அணுத்தொகுதிகளுள் ஒன்று) எதிர் விளிம்பின் அணுக்கள் மற்றொன்றையும் சேர்ந்தவை என்பதால், ஒவ்வொரு விளிம்பிலும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (ஸ்பின்) ஒரே திசையில் நின்றாலும், இரு விளிம்புகளும் எதிரெதிராக அமைந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. (ஒரே அணுவில் சேரும் எலக்ட்ரான்களின் விலக்கலைக் கணக்கில் கொள்ளும் ஹப்பார்டு மாதிரியில், அணுவுக்குச் சராசரியாக ஓர் எலக்ட்ரான் என்ற அரைநிரப்பு நிலையில், இரு உட்கூட்டணிகளின் அணு எண்ணிக்கையும் சமமானால் மொத்தத் தற்சுழற்சி சுழியாகும் என்பது லீப் 1989இல் நிறுவிய தேற்றத்திலிருந்தே கிடைக்கும்.)

அணுவாரியான திருப்புத்திறனை அச்சிட்டுப் பாருங்கள். அதுவும் சுழியானால், தற்சுழற்சியின் தொடக்க மதிப்புகளை இரு விளிம்புகளிலும் எதிர்க்குறியில் கொடுத்து மீண்டும் ஓட்டுங்கள். தற்சுழற்சி வேறுபாடே இல்லாத தொடக்கம் காந்தமற்ற தீர்விலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆனால் சராசரிப் புலக் கணக்கு காட்டும் இந்த ஒழுங்கு, ஒற்றைப் பரிமாண விளிம்பில், வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் சென்றால் நெடுந்தொலைவுக்கு நிலைக்காது.