குதிரையிலிருந்து விழுந்தவர் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" ஆனது எப்படி?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து வந்த என் பெரியம்மா மகளையும் (எனக்கு அக்கா முறை) அவர் குடும்பத்தையும் எண்ணூரில் குதிரைச் சவாரிக்கு அனுப்பினேன். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு வடசென்னையைச் சுற்றிக் காட்டும் ஒருவர் நடத்துவது. தாழங்குப்பம் கரையிலிருந்து முகத்துவாரம் வரை போய்த் திரும்ப 2 மணி நேரம், கூடவே வழிகாட்டி. தலைக்கு ₹1,800, நான்கு பேருக்கு ₹7,200. முன்பணம் ₹2,000 ஜிபேயில் போட்டேன், மீதியை ரொக்கமாகக் கொடுத்தேன். திரும்பும்போது கரை வழியாக வராமல் எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததும் குதிரை மிரண்டது, சேணம் ஒரு பக்கமாகச் சரிந்து அக்கா கீழே விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். செலவு ₹1,38,000. அக்கா உறையூரில் தையல் கடை நடத்துகிறார். ₹15 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? அவர்களை உள்ளே தள்ள முடியுமா?

பதில்:

நீங்கள் அனுப்பியது எட்டுப் பக்கம். மேலே இருப்பது அதன் சாரம் மட்டும்தான். வழிகாட்டி அக்காவின் கணவரை ஒருமையில் பேசியது, ஃபோட்டோவுக்குத் தனியாக ₹500 கேட்டது, 2 மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் திருப்பியது, விழுந்த பிறகு தண்ணீர்கூடக் கொடுக்காதது எல்லாம் வருத்தம்தான். மனுவில் ஒன்றையும் எழுத வேண்டாம். எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே பிடித்துக்கொண்டு, இது கோபத்தில் போட்ட வழக்கு என்று காட்டிவிடுவார். குதிரையின் முதுகில் இருந்த புண்ணை மட்டும் விடாதீர்கள். பிராணிவதைச் சட்டத்தில் அதற்கு முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், அதனால் தனிப் புகாராகப் போட்டு ஒன்றும் ஆகாது. ஆனால் சேணத்துக்கு அடியில் புண் உள்ள குதிரை லேசாக உரசினாலே துள்ளும். அப்படிப்பட்ட குதிரையில் முதன்முதலாக ஏறும் ஒருவரை உட்கார வைத்தார்கள் என்பது கவனக்குறைவுக்கு நல்ல சாட்சி.

இந்த வழக்கில் சட்டம் கேட்கப் போவது ஒரே கேள்வி. அக்கா அந்தக் குதிரையிலிருந்துதான் விழுந்தார், அதுவும் அவர்கள் கவனக்குறைவால் விழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?

அதற்கான பதிலை ஆறாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேறு ஏதோ கோபத்தில். அன்று ராத்திரி அந்த ஏற்பாட்டாளர் அனுப்பிய வாட்ஸ்அப்: "அண்ணே, அக்கா கை எப்படி இருக்கு? குதிரை இப்படி மிரளும்னு நினைக்கல. ஏறும்போதே பெல்ட்ட பாத்திருக்கணும். செலவுக்கு 5000 போட்டுருக்கேன்." இதை நீங்கள் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பி அனுப்பி, நாலு வார்த்தை திட்டியும் விட்டீர்கள். திட்டியதை விடுங்கள். அந்த நாலு வரிதான் உங்கள் வழக்கு. விபத்து நடந்தது, சேணத்தின் வயிற்றுப் பட்டையைச் சரிபார்க்கவில்லை, இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்கள் அனுப்பிய படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அக்கா ஏறி உட்கார்ந்த நிலையிலேயே அந்தப் பட்டைக்கும் குதிரையின் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கையே நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிகிறது.

அந்த மெசேஜ் வந்த போனை மாற்றாதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதிநியமம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) குறிப்பிட வேண்டும். உங்கள் வழக்கு போக வேண்டிய இடமான நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பதில்லை, ஆனாலும் மூலப் பதிவு கையில் இருப்பவருக்குத்தான் மதிப்பு. விழுந்த 14 விநாடி வீடியோவும் அப்படித்தான். எடுத்த பையனின் போனில் இருப்பதுதான் மூலம், குடும்ப குரூப்பில் சுற்றி வந்தது அல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஆஸ்பத்திரி கவுன்டரில் குதிரை என்றால் இன்சூரன்ஸ் வராது என்று சொன்னதால், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டோம்." டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே பதிவாகியிருக்கிறது. கம்பெனி இன்சூரன்ஸ் படிவத்திலும் அதையே எழுதி அக்காவின் கணவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ₹90,000 வந்தும்விட்டது.

எட்டுப் பக்கத்தில் எனக்குப் பயம் தந்த இடம் இதுதான். இந்த ஒரு வரியால் கவிழ்ந்த வழக்குகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கட்சிக்காரர், வேலை பார்த்த இடத்தில் சாரம் சரிந்து காலை உடைத்துக்கொண்டவர். முதலாளி கெஞ்சினார் என்பதற்காக மருத்துவமனையில் "பைக்கில் சறுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டார். அந்த முதலாளியே பிறகு அந்த ஏஆர் காப்பியை (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிக் கோர்ட்டில் நீட்டினார். குறுக்கு விசாரணையில் கேட்டது நான்கே கேள்வி. இது உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவமனைதானே? அப்போது நினைவோடு இருந்தீர்களா? டாக்டரிடம் சொன்னது நீங்கள்தானே? அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? அவர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவர் கால் உடைந்தது உண்மை, சாரம் சரிந்தது உண்மை, வழக்கு தோற்றதும் உண்மை.

இத்தனைக்கும் அந்தக் கவுன்டரில் சொன்ன தகவல் பெரும்பாலும் தவறு. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு உள்ள வழக்கமான விலக்கு, அதில் தொழில்முறையாக ஈடுபடுபவர்களுக்குத்தான். விடுமுறையில் ஒரு நாள் குதிரை ஏறியவர் அதில் வரமாட்டார். கம்பெனி குரூப் பாலிசியில் வேறு நிபந்தனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையே இல்லாத ஒரு பொய்யால் அக்காவின் வழக்கு நொண்டியாகி நிற்கிறது.

இப்போது நீங்கள் செய்ய நினைப்பது இன்னும் ஆபத்து. "தெரிந்த டாக்டர் மூலம் சம்மரியை மாற்றி வாங்கிவிடுகிறேன்" என்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மருத்துவமனையில் ஒரு பிரதி, இன்சூரன்ஸ் கம்பெனியில் ஒரு பிரதி ஏற்கெனவே இருக்கிறது. மாற்றியது வெளியே வந்தால் இழப்பீட்டு வழக்கு ஓரமாகப் போய், பொய்ச் சாட்சியம், போலி ஆவணம் என்று நீங்களும் அந்த டாக்டரும் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். பழைய காகிதம் பழையபடி இருக்கட்டும். உண்மையைப் புதிதாகச் சொல்லுங்கள். முதலில் அக்காவின் கணவர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, விழுந்த உண்மையான காரணத்தைத் தானே எழுதித் தெரிவிக்கட்டும். அடுத்து அக்கா மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி, அது கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். மனுவிலும் இதை ஒளிக்காமல், தொடக்கத்திலேயே ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். நாமே சொன்னால் அது விளக்கம், அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அது மோசடி. வந்த ₹90,000-ஐயும் மறைக்க வேண்டாம்.

அப்படிச் சொன்னாலும் சிக்கல் முழுதாகத் தீராது. நுகர்வோர் ஆணையத்தில் நடப்பது சுருக்க விசாரணை. காகிதம் ஒன்று சொல்ல, நீங்கள் இன்னொன்று சொன்னால், "விரிவான சாட்சியம் தேவை, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஆணையத்தில் உங்களுக்குக் கட்டணம் இல்லை. கொடுத்த சேவைக் கட்டணம் ₹5 லட்சத்துக்குள் இருந்தால் அப்படித்தான். சிவில் கோர்ட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். ₹15 லட்சத்துக்கு ₹45,000. அப்புறம் வாய்தா மேல் வாய்தா.

அடுத்தது, உங்களுக்கு யோசனை சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் நண்பர். "ஒரு லாரி நம்பர் தருகிறேன், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போட்டால் லட்சக்கணக்கில் வரும்" என்றாராம். அந்த லாரியின் நம்பரை உங்களில் யாரும் பார்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குதிரை மோட்டார் வாகனம் அல்ல. யாரும் பார்க்காத லாரிக்கு ஏதோ ஒரு நம்பரைப் போட்டு அங்கே போனால் அது கிரிமினல் குற்றம். இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதற்கென்றே விசாரணைக்கு ஆள் வைத்திருக்கின்றன. இப்படிப் பேசும் புரோக்கர்கள் எந்தப் பெரிய மருத்துவமனை வாசலிலும் உண்டு. மாட்டும்போது அவர்கள் இருக்கமாட்டார்கள், கையெழுத்துப் போட்ட அக்காதான் இருப்பார்.

போலீஸ் புகார் கொடுக்கலாம். விலங்கைக் கவனமில்லாமல் வைத்திருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 291, எலும்பு முறிந்ததால் கொடுங்காயம் என்ற கணக்கில் 125. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. நீங்கள் எதிர்பார்க்கிறபடி யாரையும் உள்ளே வைக்கமாட்டார்கள். "பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன்" என்று மட்டும் மெசேஜ் அனுப்பாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டதாக உங்கள் மேலேயே புகார் திரும்பும். நல்ல வழக்கு வைத்திருந்தவர்கள் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஏற்பாட்டாளர் உங்களிடம் "சொந்தப் பொறுப்பில் வருகிறோம்" என்று ஓகே வாங்கியதைப் பற்றிக் கவலை வேண்டாம். குதிரைச் சவாரியில் இயல்பாக உள்ள ஆபத்துக்குத்தான் அது பொருந்தும், இறுக்காத பட்டைக்குப் பொருந்தாது. ஆனால் அந்த நிபந்தனையை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கும்படி தனிக் கோரிக்கை வைக்காதீர்கள். அது மாநில ஆணையத்தின் அதிகாரம், மாவட்ட ஆணையம் மனுவைத் திருப்பிவிடும். மனுதாரர் அக்காதான், நீங்கள் அல்ல. பணம் நீங்கள் கட்டியிருந்தாலும், உங்கள் சம்மதத்துடன் சவாரி போனவர் நுகர்வோர்தான். அவர் வசிக்கும் திருச்சியிலேயே போடலாம். முதல் எதிர்த்தரப்பு, விளம்பரம் செய்து முன்பணம் வாங்கியவர். குதிரைக்காரர் இரண்டாவது. கெடு, விழுந்த நாளிலிருந்து 2 வருடம்.

சரி, இவ்வளவும் செய்து ஜெயித்தால் யாரிடமிருந்து வசூலிப்பீர்கள்? இரண்டு குதிரையை வைத்துப் பிழைப்பவரிடமும், அலுவலகம் என்று சொல்ல ஒரு போன் நம்பர் மட்டும் உள்ளவரிடமும். உத்தரவை மதிக்காதவருக்கு 3 வருடம் வரை சிறைகூடச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர் சிறைக்குப் போனால் அக்காவின் கைக்குப் பணம் வராது. அதனால் பட்டென்று சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். ₹15 லட்சத்தை மறந்துவிடுங்கள். இன்சூரன்ஸ் போக மீதி ₹48,000, பிளேட்டை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு, கடை மூடிக் கிடக்கும் மாதங்களின் வருமானம், வலிக்கு ஒரு நியாயமான தொகை. இதைத்தான் கணக்குப் போட்டுக் கேளுங்கள். மருத்துவமனைக் காகிதத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை என்பதற்காக அதை மறைத்துப் பேரம் பேசவும் கூடாது. நோட்டீஸிலேயே உண்மையைச் சொல்லிவிட்டு, அவருடைய மெசேஜையும் இணைத்து அனுப்புங்கள். தன் கையால் அடித்த அந்த நாலு வரியைப் பார்த்த பிறகு அவரும் கோர்ட்டுக்குப் போக ஆசைப்படமாட்டார்.

சமாதானத்தை ஸ்டேஷனில் வெள்ளைப் பேப்பரில் எழுதி முடிக்காதீர்கள். பிளேட் எடுக்க வேண்டுமா, கை முழுதாக மடங்குமா என்று டாக்டர் சொல்வதற்கு முன், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, லோக் அதாலத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. தவணைக்குச் செக் கொடுத்தால், தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டாக வேண்டும். திரும்பிவிட்டால் 30 நாளில் நோட்டீஸ். அதைத் தவறவிட்டு வந்து நிற்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். கடையில் அளவு எழுதும் நோட்டு இருக்குமே, பெயர், அளவு, கொடுக்க வேண்டிய தேதி, வாங்கிய முன்பணம் எல்லாம் வரிசையாக இருக்கும் நோட்டு. விழுந்த பிறகு தைக்க முடியாமல் துணியைத் திருப்பிக் கொடுத்த ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் திருப்பிய தேதியை எழுதி, முடிந்தால் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும். வலது கை முடியாவிட்டால் கடையில் கூட இருக்கும் பெண் எழுதட்டும். வருமான இழப்புக்கு அவரிடம் இருக்கும் ஒரே கணக்கு அந்த நோட்டுதான்.